இடத்தால் பிரிப்பதா, நேரத்தால் பிரிப்பதா? இளம் பல்சருக்கு ஏற்ற எக்ஸ் கதிர்த் தரவு எது

இளம் பல்சர் ஒன்றையும் (வேகமாகச் சுழன்று துடிக்கும் நியூட்ரான் விண்மீன்) அதன் துகள்காற்று ஊதி, அதைச் சூழ்ந்து நிற்கும் காற்று நெபுலாவையும் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பகத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், நியூஸ்டார், நைசர், ஆஸ்ட்ரோசாட் என்று எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளின் தரவு வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே இலவசம். எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் மூன்று மாதம் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள், தனி அளவுத்திருத்தக் கோப்புகள், தனிப் பின்னணிச் சிக்கல்.

தேர்வை எளிதாக்கும் கேள்வி ஒன்று உண்டு. பல்சரும் நெபுலாவும் ஒரே ஒளித்திரளாக வந்து விழுகின்றன. அவற்றைப் பிரிக்க இரண்டு கத்திகள்தான் இருக்கின்றன. ஒன்று இடம்: பல்சர் புள்ளி, நெபுலா விரிந்தது. மற்றது நேரம்: பல்சர் துடிக்கும், நெபுலா துடிக்காது. இரண்டு கத்தியும் கூராக இருக்கும் கருவி அநேகமாக இல்லை. உங்கள் கேள்விக்கு எந்தக் கத்தி வேண்டும் என்று முடிவு செய்தால் பாதித் தேர்வு முடிந்தது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வோம்: ஜி21.5-0.9. சுமார் 40 விகலை, அதாவது 40 ஆர்க்செகண்ட், ஆரமுள்ள வட்டமான நெபுலா. அதைச் சுற்றி ஏறத்தாழ 150 விகலை வரை மங்கிய ஒளிவட்டம். நடுவில் பிஎஸ்ஆர் ஜே1833-1034 என்ற பல்சர். 61.9 மில்லிநொடிக்கு ஒரு சுழற்சி, நொடிக்கு 3.3×10³⁷ எர்க் சுழற்சி ஆற்றலை இழக்கிறது. ரேடியோவில் இதன் துடிப்பைப் புனேக்கு அருகே கோடாட்டில் உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டுபிடித்தன. முடிவுகள் 2005, 2006இல் வெளிவந்தன. காமாக் கதிரில் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கிக்கும் துடிப்பு அகப்பட்டது. எக்ஸ் கதிரில் தேடியவர்களோ வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஒப்பிட இன்னொன்று: 3சி 58 என்ற நெபுலாவின் நடுவிலுள்ள பிஎஸ்ஆர் ஜே0205+6449. சுழற்சி 65.7 மில்லிநொடி, ஆற்றல் இழப்பு நொடிக்கு 2.7×10³⁷ எர்க். கிட்டத்தட்ட இரட்டையர். ஆனால் இதன் துடிப்பு முதலில் அகப்பட்டதே எக்ஸ் கதிரில்தான். இவ்வளவு ஒத்த இரண்டு பல்சர்களில் ஒன்று அகப்பட்டு மற்றது அகப்படாமல் போனதைப் புரிந்துகொண்டால், கருவித் தேர்வில் உள்ள சூட்சுமம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

பிரிதிறன். கருவியின் மங்கல் அளவை நெபுலாவின் மொத்த அளவோடு ஒப்பிடுவது பொதுவான தவறு. பல்சரை ஒட்டியுள்ள பிரகாசமான உட்பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். ஜி21.5-0.9ஐ 5 கிலோபார்செக் தொலைவில் வைத்தால் 1 விகலை என்பது 0.024 பார்செக். அதன் நடுக்கரு சந்திராவின் படத்திலேயே சுத்தமான புள்ளியாக இல்லை. சுமார் 2 விகலைக்கு விரிந்திருக்கிறது. அதாவது, இருப்பதிலேயே கூரான கத்திகூட இங்கே பல்சரைத் தனியாக வெட்டி எடுத்துவிடாது.

ஃபிரேம் நேரம். கேமரா ஒரு படச்சட்டத்தை எடுத்து முடிக்கும் நேரம் இது. சுழற்சி நேரத்தைக் கருவியின் ஃபிரேம் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 10க்கு மேல் வந்தால் துடிப்பின் வடிவம் தெரியும். 4 அல்லது 5 வந்தால் துடிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். 2க்குக் கீழே வந்தால் அந்தத் தரவில் துடிப்பைத் தேட வேண்டாம்.

ஆற்றல் வரம்பு. கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை இனி கே.இ.வி. என்றே எழுதுகிறோம். ஹைட்ரஜன் தூண் அடர்த்தி (நம் பார்வைக்கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை அணு என்ற கணக்கு) 2×10²² ஐத் தாண்டிய ஜி21.5-0.9 போன்ற பொருளில் 1 கே.இ.வி.க்குக் கீழே அநேகமாக எதுவும் வந்து சேராது. ஆகவே மென் எக்ஸ் கதிரில் ஒரு கருவி எவ்வளவு சிறந்தது என்ற பெருமை இங்கே செல்லாது. வேலா போன்ற அருகிலுள்ள, உறிஞ்சல் குறைந்த பொருளில் அதுவே முதல் அளவுகோலாகிவிடும்.

துடிப்பின் பங்கு. பலர் தவறவிடுவது இது. எண்ணிக்கை அதிகமானால் நல்லது என்று நினைக்கிறோம். துடிப்புத் தேடலில் அது பாதி உண்மை. சைன் வடிவத் துடிப்புக்கு இசட்² சோதனையின் (தெரிவது துடிப்பா தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) மதிப்பு ஏறத்தாழ 2 + (N×p²)/2. N என்பது மொத்த ஃபோட்டான், p என்பது அதில் துடிப்பின் பங்கு. உதாரணத்துக்கு, துடிக்கும் ஃபோட்டான் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெபுலா முழுவதையும் சேர்த்து 1,00,000 ஃபோட்டான் எடுத்தால் p = 0.01, சோதனை மதிப்பு 7. தற்செயலாகவே அடிக்கடி வரும் எண் அது. அதே 1000ஐ நடுவிலுள்ள சிறு வட்டத்தில் 5000 ஃபோட்டானுக்குள் பிடித்தால் p = 0.2, சோதனை மதிப்பு 102. சந்தேகத்துக்கே இடமில்லை. துடிப்பு ஃபோட்டான் இரண்டிலும் ஒன்றுதான். கூட வந்த நெபுலாதான் வேறு. பெரிய பரப்புள்ள கருவி, நெபுலாவையும் சேர்த்து அள்ளும்போது, தோற்பது இப்படித்தான்.

மறைசெலவு. பின்னணியைக் கழிக்க எத்தனை நாள், எவ்வளவு தரவு வீணாகும், அளவுத்திருத்தப் பிழை உங்கள் முடிவை விடப் பெரிதா. இதைக் கருவிதோறும் கீழே சொல்கிறோம்.

## சந்திரா, ஏசிஸ் கேமரா

எதில் வல்லது. அரை விகலைப் பிரிதிறன், பிக்சல் 0.492 விகலை. 1999 ஜூலையில் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். நண்டு நெபுலாவின் உள்வளையமும் தாரைகளும், எம்எஸ்எச் 15-52இன் கை வடிவமும் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தது இதனால்தான். நெபுலாவை வளையம் வளையமாக வெட்டி, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போக நிறமாலை எப்படி மென்மையாகிறது (உயர் ஆற்றல் ஃபோட்டானின் பங்கு குறைகிறது) என்று அளக்க இதற்கு மாற்று இல்லை. ஜி21.5-0.9ஐ அளவுத்திருத்தத்துக்காக ஆண்டுதோறும் பார்த்ததால் காப்பகத்தில் அதன் தரவு குவிந்து கிடக்கிறது.

எதில் தோற்கும். நேரத்தில். முழு ஃபிரேம் 3.2 நொடி. 61.9 மில்லிநொடிப் பல்சர் அதற்குள் ஐம்பது முறைக்கு மேல் சுழன்றுவிடும். கேமராவின் எட்டில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்கும் துணைச்சட்டம் வைத்தாலும் சுமார் 0.4 நொடி; போதாது. தொடர் வாசிப்பு முறையில் 2.85 மில்லிநொடி கிடைக்கும். ஆனால் படத்தின் ஒரு பரிமாணம் நசுங்கி ஒற்றைக் கோடாகிவிடும். நெபுலா மறுபடி பல்சர்மேல் வந்து படுத்துக்கொள்ளும்.

மறைசெலவுகள். முதலாவது பைல்-அப். ஒரே ஃபிரேமில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால், கருவி அதை இரு மடங்கு ஆற்றலுள்ள ஒன்றாக எண்ணும். நிறமாலை பொய்யாகக் கடினமாகும், எண்ணிக்கை குறையும். நடுப்புள்ளியில் ஃபிரேமுக்கு 0.1 எண்ணிக்கை என்ற அளவை நெருங்கினாலே பைல்-அப் வரைபடம் போட்டுப் பாருங்கள். கெஸ் 75 என்ற விண்மீன் வெடிப்பு எச்சத்தின் பல்சர் 2006இல் திடீரென்று பிரகாசமானபோது எடுத்த தரவில் இந்தக் கணக்கைப் போடாமல் நிறமாலையைப் பொருத்தக் கூடாது. நண்டு போன்ற மிகப் பிரகாசமான பொருளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வாசிப்பின்போது படத்தில் விழும் கோட்டுக்கறையில் பைல்-அப் கிடையாது. அதிலிருந்து பல்சரின் நிறமாலையை எடுக்கலாம். ஒரு வரிசைக்கு 40 மைக்ரோநொடி வீதம் 1024 வரிசைக்கு 41 மில்லிநொடி, 3.2 நொடியில் இது 1.3 சதவீதம். 1,00,000 நொடி நோக்கலில் உங்கள் கைக்கு வருவது 1300 நொடிதான். மங்கிய பல்சருக்கு இது உதவாது.

இரண்டாவது, ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படியும் படலம். 1 கே.இ.வி.க்குக் கீழே உணர்திறன் பெரிதும் போய்விட்டது. ஜி21.5-0.9க்கு இது நட்டமே இல்லை. அங்கே வரும் ஃபோட்டானே கிடையாது. 3சி 58இல் பல்சரின் மேற்பரப்பு வெப்பத்தைத் தேடுபவர் மட்டும் பழைய தரவையே முதலில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தரவு துண்டு துண்டாக இருப்பது. தொலைநோக்கியின் வெப்பக் காப்பு மூப்படைந்துவிட்டதால் நீண்ட நோக்கல்களைச் சிறு துண்டுகளாகத்தான் எடுக்கிறார்கள். படத்துக்காக இணைக்கும் முன் பின்னணிப் புள்ளி மூலங்களை வைத்து ஒவ்வொரு துண்டையும் நேர்ப்படுத்துங்கள். இல்லையென்றால் அரை விகலைக் கூர்மை போய், இல்லாத கட்டமைப்பு முளைக்கும். நிறமாலைக்கு இணைக்கவே வேண்டாம். வெவ்வேறு ஆண்டுத் தரவுக்கு வெவ்வேறு துலங்கல் கோப்பு (கருவியின் உணர்திறனைச் சொல்வது). தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பொருத்துவதுதான் முறை.

எப்போது இதுவே சரி. நெபுலாவின் உருவம், நிறமாலை மாறும் விதம், தாரை, வளையம், ஆண்டுகளுக்கிடையே நகர்வு: எதுவானாலும் இதுதான். ஒரு வளையத்துக்குக் குறைந்தது 2000 எண்ணிக்கை வரும்படி வெட்டுங்கள். அழகுக்காக இருபது வளையம் போட்டு, ஒவ்வொன்றிலும் பிழைக்கோடு மேலும் கீழும் இடித்துக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை.

## சந்திரா, எச்ஆர்சி கேமரா

இரண்டு கத்தியும் ஒன்றாக இருக்கும் ஒரே இடம் இது. அதற்கு விலையும் உண்டு. பிரிதிறன் அரை விகலை, நேரம் 16 மைக்ரோநொடி. 3சி 58இன் துடிப்பை 2002இல் வெளிவந்த ஆய்வில் பிடித்தது இந்தக் கேமராதான். மேலே சொன்ன 7க்கும் 102க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஜி21.5-0.9இலோ கரு 2 விகலைக்கு விரிந்திருப்பதால், சிறு வட்டத்துக்குள்ளேயும் துடிக்காத ஒளி வந்து நிறைந்துவிடுகிறது. துடிப்பின் பங்கு கரைந்துபோக இது ஒரு காரணம்.

விலை என்ன? ஆற்றல் தெரியாது. நிறமாலை என்று சொல்லத் தக்க எதுவும் இதிலிருந்து வராது. இன்னொரு பொறி: மின்சுற்று இணைப்பில் உள்ள பிழையால் ஒவ்வொரு ஃபோட்டானின் நேரமும் அடுத்த ஃபோட்டானுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. எச்ஆர்சி-எஸ் பகுதியை நேர முறையில் இயக்கி, விழுந்த ஒவ்வொரு நிகழ்வும் தரைக்கு வந்திருந்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். காப்பகத்தில் எச்ஆர்சி-ஐ (அதே கேமராவின் மற்றப் பகுதி) தரவைப் பார்த்ததும் மைக்ரோநொடி கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். பிரகாசமான மூலத்தில் நொடிக்கு 184 நிகழ்வுதான் தரைக்கு அனுப்பலாம் என்ற வரம்பும் குறுக்கே நிற்கும். 2020, 2022ஆம் ஆண்டுகளில் இந்தக் கருவி மின்னணுக் கோளாறால் நின்றுபோயிருந்தது. எனவே காப்பகத்தில் இடைவெளிகள் தெரியும்.

## எக்ஸ்எம்எம்-நியூட்டன்

எதில் வல்லது. பரப்பு. 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. மூன்று கண்ணாடிகள், 30 கலைப் புலம் (1 கலை என்பது 60 விகலை), 48 மணி நேரச் சுற்றுப்பாதையில் இடைவிடாத நீண்ட நோக்கல். பிஎன் கேமராவின் சிறு சாளர முறையில் ஃபிரேம் 5.7 மில்லிநொடி. ஜி21.5-0.9க்கு 61.9ஐ 5.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11, போதும். 150 மில்லிநொடிச் சுழற்சியுள்ள பிஎஸ்ஆர் பி1509-58க்கு 26, தாராளம். நண்டுக்கு 6, வடிவத்தை நம்ப முடியாது, டைமிங் முறைக்குப் போக வேண்டும்.

எதில் தோற்கும். மங்கல். புள்ளி மூலத்தின் பாதி ஆற்றல் 15 விகலை விட்டத்துக்குள் விழுகிறது. 40 விகலை ஆரமுள்ள நெபுலாவில் 10 விகலை அகல வளையம் வெட்டினால், அதில் விழுந்த ஃபோட்டானில் பெரும் பகுதி பக்கத்து வளையத்துக்குச் சொந்தமானது. நிறமாலை மாற்றம் மட்டுப்பட்டுத் தெரியும். சந்திராவில் கிடைத்த சரிவை எக்ஸ்எம்எம்மில் காணோமே என்று இயற்பியல் காரணம் தேடுவோர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

மறைசெலவுகள். மென் புரோட்டான் வெடிப்புகளால் நோக்கல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். பிஎன்னுக்கு 10 முதல் 12 கே.இ.வி. வரையிலான ஒளிவளைவை 100 நொடிப் பெட்டிகளில் போட்டு, நொடிக்கு 0.4க்கு மேல் எகிறும் இடங்களை வெட்டுங்கள். 'எக்ஸ்போஷர் 80,000 நொடி' என்று காப்பகத்தில் போட்டிருப்பதை நம்பி முன்மொழிவு எழுதுவது, மூட்டையை அவிழ்க்காமல் அரிசிக்கு விலை பேசுவதுதான்.

சிறு சாளரத்துக்கு இன்னும் இரண்டு செலவு. உயிர்நேரம், அதாவது ஃபோட்டானை உண்மையில் எண்ணும் நேரம், 71 சதவீதம்தான். சாளரத்தின் அளவு ஏறத்தாழ 4.3 கலை. ஜி21.5-0.9இன் ஒளிவட்டம் 5 கலை விட்டம்! சாளரம் முழுவதும் மூலம்தான். பின்னணி எடுக்க ஓர் ஓரம்கூட மிஞ்சாது. அதே நேரத்தில் முழுப் புலத்தில் இயங்கிய மோஸ் கேமராக்களைக் கொண்டு நெபுலாவின் நிறமாலையை எடுத்து, பிஎன்னைத் துடிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. மோஸ்-1இல் 2005 மார்ச்சில் ஒரு சிப்பும் 2012 டிசம்பரில் இன்னொன்றும் போய்விட்டன. பெரிய நெபுலாவானால் எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்று படத்தில் பாருங்கள்.

முழு ஃபிரேம் பிஎன் 73.4 மில்லிநொடி. ஜி21.5-0.9இன் துடிப்பை அதில் தேடவே முடியாது. காப்பகத்தில் எந்த முறை என்று பார்க்காமல் இறக்குவோர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

எப்போது இதுவே சரி. நெபுலா 10 கலைக்கு மேல் பரந்திருந்தால். வெளிப்புற மங்கிய ஓடு, அதில் வெப்ப வாயுக் கோடுகள் உண்டா என்பது கேள்வியானால். பல்சர் நெபுலாவை விட ஒப்பீட்டளவில் பிரகாசமாக இருந்து, துடிப்பும் நிறமாலையும் ஒன்றாக வேண்டுமானால்.

## நியூஸ்டார்

2012 ஜூனில் ஏவப்பட்டது. 3 முதல் 79 கே.இ.வி. வரை குவித்துப் படம் எடுக்கும். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழும் சின்க்ரோட்ரான் ஒளியில் எலக்ட்ரானின் ஆயுள், ஃபோட்டான் ஆற்றலின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். ஆற்றல் நான்கு மடங்கானால் ஆயுள் பாதி. ஆகவே உயர் ஆற்றலில் நெபுலா சுருங்க வேண்டும். ஜி21.5-0.9இல் இந்தச் சுருக்கம் நியூஸ்டாரில் தெரிந்தது, 9 கே.இ.வி. அருகே நிறமாலை வளைவதும் தெரிந்தது. 10 கே.இ.வி.க்குள் நின்றுவிடும் கருவிகளால் அந்த வளைவைப் பார்த்திருக்கவே முடியாது.

மங்கல் அளவு 58 விகலை; ஜி21.5-0.9இன் பிரகாசமான உட்பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். நடுக்கூர்மை 18 விகலை என்பதால் மங்கலை நீக்கும் கணக்குச் செய்து உருவத்தை ஓரளவு மீட்கலாம். அது ஒரு வாரத்து வேலை, பிழை மதிப்பீட்டோடு ஒரு மாதம். தாழ்ந்த சுற்றுப்பாதை என்பதால் நோக்கல் நேரத்தில் பாதியளவு பூமி மறைப்பில் போகும். பக்கவாட்டில் பிரகாசமான மூலம் இருந்தால் அதன் ஒளி கண்ணாடியைத் தொடாமலே நேராக வந்து விழுந்து புலத்தை நாசமாக்கும். பால்வெளித் தளத்தில் இது சகஜம். இரண்டு கண்டறிவிகளில் ஒன்றாவது தப்பியதா என்று முதல் நாளே படத்தைத் திறந்து பாருங்கள்.

நேரம் நன்றாகவே இருக்கிறது. புதிய கடிகாரத் திருத்தக் கோப்புகளோடு சுமார் 65 மைக்ரோநொடி. பழைய கோப்பு என்றால் சில மில்லிநொடி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் 2.5 மில்லிநொடி செயலற்ற நேரம் உண்டு. மங்கிய பல்சருக்கு அது பொருட்டல்ல. நண்டுக்குத் துடிப்பின் வடிவமே கோணிப்போகும், கட்டத்துக்குக் கட்டம் (சுழற்சியின் ஒவ்வொரு பகுதிக்கும்) உயிர்நேரத் திருத்தம் தேவை.

## நைசர்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2017 முதல். 56 குவிப்பான்களில் 52 இயங்குகின்றன. 300 நானோநொடிக்கும் நுண்ணிய நேரம், 1.5 கே.இ.வி.யில் 1900 சதுர சென்டிமீட்டர் பரப்பு. படம் கிடையாது. சுமார் 6 கலை விட்டத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அள்ளும், ஜி21.5-0.9இன் ஒளிவட்டம் உட்பட. அதாவது மேலே கணக்கிட்ட '7' வரும் நிலை இதுதான்.

இது வெல்லும் இடம் வேறு. சுழற்சி தெரிந்த, துடிப்பு நன்றாகத் தெரியும் பல்சரை மாதக்கணக்கில் தொடர்ந்து கண்காணிப்பது. கெஸ் 75இன் பல்சர் (0.33 நொடி) 2006இல் காந்த விண்மீன் போல வெடித்தபோது அதைப் பிடித்தது ஆர்எக்ஸ்டிஇ என்ற பழைய செயற்கைக்கோள், 2020இல் மறுபடி வெடித்தபோது நைசர் பின்தொடர்ந்தது. ரேடியோவில் துடிப்பு தெரியாத பொருளுக்கு இத்தகைய தொடர் கண்காணிப்பை விட்டால் வழியில்லை. 2023 மே மாதம் வெப்பக் காப்பில் ஏற்பட்ட கிழிசலால் பகல் வெளிச்சம் உள்ளே கசிந்தது. 2025 ஜனவரியில் விண்வெளி நடையில் ஒட்டுப் போட்டார்கள். இடைப்பட்ட தரவில் சுற்றுப்பாதையின் பகல் பகுதியை எடுக்கும் முன் இரவுப் பகுதியை மட்டும் வைத்து முடிவு மாறுகிறதா என்று சோதியுங்கள்.

## ஆஸ்ட்ரோசாட்

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ஏற்றிச் சென்றது. நம் ஊர்க் கருவி, தரவு எளிதில் கிடைக்கும், உதவி கேட்க மும்பையிலும் புனேயிலும் ஆட்கள் உண்டு என்பதால் பலர் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். காரணம் நியாயமானது, பொருளைப் பொறுத்துத்தான் பலன். அதிலுள்ள எல்ஏஎக்ஸ்பிசி என்ற கருவி 3 முதல் 80 கே.இ.வி. வரை, 10 மைக்ரோநொடி நேரத்தில் எண்ணும். புலமோ ஏறத்தாழ 1 பாகை. பால்வெளித் தளத்தில் அந்த ஒரு பாகைக்குள் தள ஒளியும் அக்கம்பக்கத்து இரட்டை விண்மீன்களும் வந்து சேரும். மூன்று அலகுகளில் நம்பத் தக்கது 20ஆம் எண் அலகுதான். 30இல் வாயு கசிந்துவிட்டது, 10இன் மின்னழுத்தம் நிலையாக இல்லை. அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான எஸ்எக்ஸ்டியின் வழக்கமான ஃபிரேம் சுமார் 2.4 நொடி; ஜி21.5-0.9இன் துடிப்புக்குப் பயன்படாது.

நண்டு போன்ற பிரகாசமான பொருளில் கதை மாறும். ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ கருவி 100 கே.இ.வி.க்கு மேல் நண்டின் முனைவாக்கத்தை (ஒளியலைகள் எந்த அளவு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை) துடிப்பின் கட்டத்துக்கேற்ப அளந்த முடிவு 2018இல் வெளிவந்தது. அந்த வரம்பில் அப்படிச் செய்ய மேலே சொன்ன எந்தக் கருவியாலும் முடியாது.

முனைவாக்கம்தான் கேள்வி என்றால் 2 முதல் 8 கே.இ.வி.யில் ஐஎக்ஸ்பிஇ விண்கலம் இருக்கிறது. வேலா நெபுலாவின் சில பகுதிகளில் 60 சதவீதத்துக்கு மேல் அளந்தது. ஆனால் அதன் மங்கல் அரைக் கலை, ஜி21.5-0.9 அளவுள்ள பொருளில் காந்தப்புல வரைபடம் கேட்பது பேராசை.

## ஒரே பார்வையில்

| கருவி | மங்கல் அளவு | நேரம் | ஆற்றல் (கே.இ.வி.) | ஜி21.5-0.9இல் எதற்கு | பெரிய மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| சந்திரா ஏசிஸ் | 0.5 விகலை | 3.2 நொடி | 0.5–8 | வளைய நிறமாலை, உருவம் | பைல்-அப், துண்டுத் தரவு |
| சந்திரா எச்ஆர்சி-எஸ் | 0.5 விகலை | 16 மைக்ரோநொடி | நிறமாலை இல்லை | துடிப்புத் தேடல் | நேர முறையில் எடுத்திருக்க வேண்டும் |
| எக்ஸ்எம்எம் பிஎன், சிறு சாளரம் | 15 விகலை | 5.7 மில்லிநொடி | 0.3–10 | துடிப்பு, மொத்த நிறமாலை | பின்னணிக்கு இடமில்லை |
| எக்ஸ்எம்எம் மோஸ் | 15 விகலை | 2.6 நொடி | 0.3–10 | வெளி ஓடு | புரோட்டான் வெடிப்பு |
| நியூஸ்டார் | 58 விகலை | 65 மைக்ரோநொடி | 3–79 | 9 கே.இ.வி. வளைவு | பக்க ஒளி, பாதி நேரம் |
| நைசர் | படம் இல்லை | 300 நானோநொடிக்குள் | 0.2–12 | பயனில்லை | பின்னணி மாதிரியை நம்ப வேண்டும் |
| ஆஸ்ட்ரோசாட் எல்ஏஎக்ஸ்பிசி | படம் இல்லை, 1 பாகை | 10 மைக்ரோநொடி | 3–80 | பயனில்லை | பக்கத்து மூலங்கள் |

'பயனில்லை' என்பது இந்தப் பொருளுக்கு மட்டும். இதே அட்டவணையைக் கெஸ் 75க்குப் போட்டால் நைசர் முதல் வரிசைக்கு வந்துவிடும்.

## யாருக்கு எது

ஆறு மாத முதுகலைத் திட்டம், ஒரே மடிக்கணினி: சந்திரா ஏசிஸ் மட்டும். சந்திராவுக்கான சியாவோ மென்பொருளின் வழிகாட்டிப் பக்கங்கள் மற்றவற்றை விடத் தெளிவானவை; தரவும் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கும். விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணைச்சூழல் போட்டு நிறுவத் தயங்குவோர், நாசாவின் ஹீசார்க் காப்பகம் சைசர்வரில் இலவசமாகத் தரும் இணையக் கணினியில் நியூஸ்டார், நைசர் தரவுகளை இறக்காமலே ஆராயலாம்.

துடிப்புதான் கேள்வி, சுழற்சி ஏற்கெனவே தெரியும்: எக்ஸ்எம்எம் சிறு சாளரம், பிறகு நியூஸ்டார். சுழற்சி தெரியாது, நடுவில் புள்ளி மட்டும் தெரிகிறது: எச்ஆர்சி-எஸ்க்கு முன்மொழிவு எழுதுவதுதான் நேர்மையான வழி, காப்பகத்தைத் துழாவி நாளை வீணாக்க வேண்டாம்.

எலக்ட்ரான்களின் வயதும் காந்தப்புலமும் கேள்வி: சந்திராவும் நியூஸ்டாரும் சேர்ந்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வளைவைப் பற்றிப் பேசினால் மதிப்பாய்வாளர் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்.

## இரண்டு கருவியைச் சேர்க்கும்போது

நேரப் பக்கம் முதலில். எல்லா நேரங்களையும் சூரிய மண்டல மையத்துக்கு மாற்றுங்கள். பூமியின் சுற்றுப்பாதையால் வரும் வேறுபாடு இருபக்கமும் 500 நொடி வரை; மாற்றாமல் நீண்ட நோக்கலில் தேடினால் துடிப்பு கரைந்துபோகும். பல்சரின் இடத்தில் 1 விகலைப் பிழை இருந்தால் அதிகபட்சம் 2.4 மில்லிநொடி நகரும். ஒரே நோக்கலுக்குள் இது பெரிய தொல்லை இல்லை; ஆறு மாத இடைவெளியுள்ள இரண்டைச் சேர்த்தால் இது இரு மடங்கு வரை போய், 61.9 மில்லிநொடியில் எட்டு சதவீதம் வரை கட்டப்பிழை. எல்லாக் கருவிக்கும் ஒரே இடக்குறிப்பு, ஒரே கோள்நிலை அட்டவணை கொடுங்கள்.

அடுத்து, இளம் பல்சரின் சுழற்சி வேகமாகத் தளர்கிறது. பிஎஸ்ஆர் ஜே1833-1034இன் அதிர்வெண் 16.16 ஹெர்ட்ஸ், நொடிக்கு 5.3×10⁻¹¹ ஹெர்ட்ஸ் குறைகிறது. 1,00,000 நொடி நோக்கலுக்குள்ளேயே இது கால் சுழற்சிக் கட்ட நகர்வு. தளர்வு விகிதத்தைச் சுழி என்று வைத்து, ஃபோட்டான்களைச் சுழற்சிக் காலத்தின்படி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் துடிப்பு மங்கும். பத்து ஆண்டுப் பழைய அட்டவணையின் அதிர்வெண்ணை அப்படியே போட்டால் 0.017 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்பீர்கள். அந்த நோக்கலின் பிரிப்புப்படி 10⁻⁵ ஹெர்ட்ஸ் என்பதால் அது 1,700 படி தூரம். நடுவில் கிளிட்ச் (சுழற்சி வேகத்தில் திடீர்த் தாவல்) வந்திருந்தால் இன்னும் விலகும். கணித்த அதிர்வெண்ணைச் சுற்றிச் சில நூறு படிகளாவது தேடி, தேடிய படிகளின் எண்ணிக்கையை நிகழ்தகவில் பெருக்கிச் சொல்லுங்கள்.

நிறமாலைப் பக்கம் இரண்டு எச்சரிக்கை. கருவிக்குக் கருவி ஃப்ளக்ஸ் (அளக்கும் ஒளிப்பாய்வு) பல சதவீதம் வேறுபடும். ஜி21.5-0.9ஐ இதற்கான பொதுச் சோதனைப் பொருளாகவே வைத்து, பல கருவிகளை 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒப்பிட்டிருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெருக்கல் மாறிலியை விடுவித்துப் பொருத்துங்கள். அது 1.3ஐத் தாண்டினால் இயற்பியலை விட்டுவிட்டு, வெட்டிய பகுதிகள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; நியூஸ்டாருக்கு ஒரு கலை வட்டம், சந்திராவுக்கு 40 விகலை வட்டம் என்று எடுத்திருப்பீர்கள்.

மற்றது உறிஞ்சல். பழைய கட்டுரைகளில் ஜி21.5-0.9க்கு 2.2×10²² என்று இருக்கும். உங்களுக்கு 3×10²² ஐ ஒட்டி வரும். பயப்பட வேண்டாம். அங்கே வேப்ஸ் என்ற உறிஞ்சல் மாதிரியும் பழைய தனிமச் செறிவுப் பட்டியலும்; நீங்கள் டிபிஆப்ஸ் மாதிரியும் வில்ம்ஸ் செறிவுப் பட்டியலும் போட்டிருப்பீர்கள். பட்டியலை மாற்றி ஒருமுறை ஓட்டினால் பழைய எண் வந்துவிடும். எந்தப் பட்டியல் என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.